அந்தப் பக்கத்துக்குப் போன கூழ்

இஞ்சாருங்கோ,

கூழ்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து இரண்டு நாளாகிவிட்டது. யன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் பனங்கிழங்கு ஒடியல் மாவின் மணம் சமையலறையை விட்டுப் போகவில்லை. மகள் பொறுக்க முடியாமல் ஒரு வாசனை மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள். இப்போது ஒடியலும் ரோசாப்பூவும் சேர்ந்து மணக்கின்றன. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ஆரின்ர செத்தவீடு?" என்று கேட்டிருப்பீர்கள்.

அந்த மணத்துக்குள் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல இருக்கிறது. நீங்கள் இருந்த காலம் முழுக்கச் சொல்லாமல் விட்டது. என்னுடைய கூழால் உங்கள் வேலை போகப் பார்த்த அந்த நாளைப் பற்றியது. நேரே சொல்ல வாய் வரவில்லை, ஆனபடியால் சுற்றிக்கொண்டுதான் வருவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கடிதம் எழுதத் தொடங்கினால் தாள் போதாது என்று பகிடி பண்ணுவீர்கள். பண்ணுங்கள். உங்களுக்கு இப்போது ஷிப்ட் இல்லை, ஆறுதலாகக் கேட்கலாம்.

ஸ்ட்ரெதமில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடியை நினைத்துக்கொள்கிறேன். கொழும்புத் தந்திக் கந்தோரில் பழகிய விரல்களை நம்பித்தான் நீங்கள் லண்டனுக்கு வந்தீர்கள். முதலில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. பிறகு அதற்குள்ளேயே ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்கு உங்களைப் போட முன் மூன்று முறை ஆள் வந்து விசாரித்தது. கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவியிடமும் உங்களைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் படியேறி வந்து, உன் புருஷன் வங்கி ஏதும் உடைத்தவனா என்று என்னிடம் கேட்டாள். கேட்ட விதத்தில் ஒரு மரியாதையும் இருந்தது.

"அப்பிடி என்ன வேலை?" என்று நான் கேட்டேன்.

"ஒரு மெஷினுக்கு முன்னால இருக்கிறன்."

"மெஷின் என்ன செய்யும்?"

"கனநேரம் சும்மா இருக்கும்."

"நல்ல பொருத்தம்தான்."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன். அடுப்படிப் பக்கமே வராத மனுஷன் தாளும் பேனாவுமாக வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தீர்கள்.

"இஞ்சாரும், உம்மட கூழ் எப்பிடி வைக்கிறது எண்டு ஒருக்காச் சொல்லும். எழுத வேணும்."

"ஏன், வேற ஆரும் வைச்சுத் தரப் போகினமோ?"

"பகிடியை விடும். மெஷின் சரியா ஓடுதோ எண்டு மணிக்கு ஒருக்கா எதையாவது அடிச்சு அனுப்பிப் பாக்க வேணும். தோட்டப் புத்தகம் முடிஞ்சுது. முதலுதவிப் புத்தகமும் முடிஞ்சுது. ஆளுக்கொரு சமையல் கொண்டு வரச் சொல்லியிருக்கினம். சாப்பாடு எண்டால் ஆருக்கும் நோகாது."

"ஒரு நல்ல கதையை அடிச்சு அனுப்புங்கோவன்."

"கதையில கரடி ஒண்டு வந்தால் தங்களைத்தான் சொல்லுறம் எண்டு அந்தப் பக்கம் நினைக்கும். நக்கல், குத்து, சாட்டை ஒண்டும் இருக்கக் கூடாது. ஊசி இல்லாத எழுத்தாய் இருக்க வேணும்."

"அந்தப் பக்கம் எண்டால் எந்தப் பக்கம்?"

பேனாவை ஒருமுறை மூடித் திறந்தீர்கள். "மீன் எவ்வளவு போடுவீர்?" என்று கேட்டீர்கள்.

சொன்னேன். மீன் தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளிக்குப் பதிலாக இங்கே போடுகிற உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் சொன்னேன். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே நிற்கும் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத்தான் கூழில் கரைக்க வேண்டும் என்றேன். வரவேண்டிய ஆட்கள் எல்லாம் வந்து கூடிய பிறகுதான் அடுப்பால் இறக்க வேண்டும் என்றேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். உப்பின் அளவைக் கேட்டபோது, "உங்கட கையால போடாதேங்கோ" என்றேன்.

மூன்று நாள் கழித்து, முற்பகலில், வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. தொப்பி போட்ட காரோட்டி. உங்கள் கணவர் நலம், ஆனால் உடனே வர வேண்டும், வரும்போது அந்தப் பொடியை எடுத்து வர வேண்டும் என்றார். எனக்கு 'பவுடர்' என்ற சொல் மட்டும்தான் பிடிபட்டது. நான் முகப்பவுடரைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, தன் கையில் இருந்த தாளை எழுத்தெழுத்தாக வாசித்தார். ஓ-டி-யல். அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரன் வாயில் கேட்டதும் அடுப்பை அணைத்தேன்.

சேலைக்கு மேல் உங்கள் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, மா வைத்திருந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்தபடி போனேன். காரோட்டி நாலு யன்னலையும் இறக்கிவிட்டார். பல்லுக் கிட்டுகிற குளிர். இவர்களுக்குக் குளிர் உறைக்காது என்றுதான் நினைத்தேன். மனுஷன் என் டின்னுக்குப் பயந்துதான் யன்னலைத் திறந்தார் என்று பிறகுதான் விளங்கியது.

உங்களுக்கு வேலை போய்விட்டது, இனி எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தால் மகள் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது என்றும் நினைத்தேன்.

அந்த அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே ஒரு வாங்கில் இருத்தினார்கள். நீங்கள் வந்தீர்கள். முகத்தில் இரத்தமே இல்லை. பக்கத்தில் உயரமான ஒரு அதிகாரி, காது இரண்டும் சிவந்திருந்தன. நடந்ததை நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். கூழ் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்தில் இருந்து கேள்வி வந்திருக்கிறது. ஒடியல் என்ற பொடி எங்கள் அகராதி எதிலும் இல்லை. அதில் இருக்கும் நஞ்சு எது? அந்த நஞ்சுத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? வந்து கூடப் போகிற ஆட்கள் யார்?

"சோதனை எழுத்துக்கு ஆரும் கேள்வி கேக்கிறேல்லை," என்றீர்கள். "ஆறு வருசத்தில இதுதான் முதல் கேள்வி. மேல இருக்கிற எல்லாரையும் எழுப்பிப் போட்டினம்."

அதிகாரி தாளைக் காட்டி, நஞ்சு என்று எழுதியது யார் என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "மை மிஸ்டேக்," என்றீர்கள். மனைவி கசப்பு என்றுதான் சொன்னாள், நான்தான் பிழையாக மாற்றினேன் என்றீர்கள். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் அப்போதே விளங்கியது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு டின்னைத் திறந்தேன். அதிகாரி ஒரு அடி பின்னால் போனார். ஒரு நுள்ளு எடுத்து என் வாயில் போட்டேன். பச்சை மா, தொண்டையில் ஒட்டியது. இருமல் வந்துவிடக் கூடாதே என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். வரவில்லை. அவர்கள் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தார்கள்.

அதிகாரி ஒரு பக்கம் நிறைய விளக்கம் எழுதத் தொடங்கினார். பனைமரத்தின் விஞ்ஞானப் பெயர், விளையும் நாடு, நார்ச்சத்து. நீங்கள் அவரை மறித்தீர்கள். நீளமாக எழுதினால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள், சமைக்கிறவள் இங்கே இருக்கிறாள், அவள் சொல்வதை அப்படியே அனுப்புங்கள் என்றீர்கள். என் பக்கம் திரும்பி, "தமிழில சொல்லும், நான் மாத்திறன். ஊசி வேண்டாம்," என்றீர்கள்.

"இது எங்கட வீட்டுச் சாப்பாடு. பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச மா. கசப்பை ஊத்திப்போட்டுத்தான் காய்ச்சுவம். வாற ஆக்கள் விருந்தாளியள்."

அதுதான் போனது. நாலு வசனம்.

இரட்டைப்பட்ட மணிக்கு இந்தப் பக்கம் எழுதும், ஒற்றைப்பட்ட மணிக்கு அந்தப் பக்கம். ஒரு மணிக்கு அவர்களுடைய முறை. அதுவரை அந்த வாங்கில் டின்னோடு இருந்தேன். சுவர்மணிக்கூடு என் தலைக்கு மேலே. ஒரு பெண் தேத்தண்ணீர் கொண்டு வந்து தந்துவிட்டு, டின்னைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து போனாள்.

ஒரு மணிக்கு உள்ளே மெஷின் தட்டுகிற சத்தம். மொழிபெயர்ப்பாளர் வாசிக்க, அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்று முறை படித்தார். ஊசி எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பார். பிறகு காது இன்னும் சிவந்து, சிரித்துவிட்டார். தாளில் இருந்ததை நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள்.

'விளக்கம் கிடைத்தது. நன்றி. எங்கள் வீட்டிலும் விருந்தாளிகள் வந்தால் ஒரு சூப் வைப்போம்.' அதற்குக் கீழே பீட்ரூட், முட்டைக்கோவா, மாட்டெலும்பு, புளித்த பாலாடை என்று செய்முறை முழுக்க. கடைசியில் ஒரு வசனம்: 'இதில் ஊற்றிவிட வேண்டியது எதுவும் இல்லை.'

வீட்டுக்குப் போகக் கார் தரவில்லை. பஸ்ஸில் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து வந்தோம். அங்கே வைத்துத்தான் முதன்முதலாகச் சொன்னீர்கள். இரண்டு பக்கமும் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைக்கிற நேரம். ஒரு பக்கத்தில் யாரோ ஒன்றைத் தவறாக விளங்கிக்கொண்டு அவசரப்பட முன், மற்றப் பக்கத்தை நேரே கேட்பதற்காக லண்டனில் இருந்து மொஸ்கோவுக்குப் போட்ட லைன் அது. நான் டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப போனில கதைச்சால் என்ன?" என்று கேட்டேன்.

"கதைச்சால் குரலில கோவம் வந்திடும். எழுதினால் யோசிக்க நேரம் கிடைக்கும். அவரவர் தங்கட மொழியில எழுதுவினம்."

"ஒண்டும் இல்லாத நாளிலயும் மணிக்கு மணி அனுப்ப வேணுமோ?"

"ஒண்டும் இல்லாத நாளில கதைக்காத ஆக்கள், ஏதும் வந்த நாளில என்னெண்டு கதைக்கிறது?"

அதன் பிறகுதான் எங்களுக்குள் தொடங்கியது. "உம்மட கூழால எனக்கு வேலை போகப் பாத்தது" என்றீர்கள். "கூழாலயில்லை, நஞ்சு எண்டு எழுதின உங்கட கையால" என்றேன். "நீர் சொன்னதைத்தானே எழுதினன்" என்றீர்கள். "நான் கசப்பு எண்டுதான் சொன்னனான்" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். பஸ் பிரிக்ஸ்டனைத் தாண்டியது. இறங்கும்போது, "இதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது," என்றீர்கள். ஓம் என்றேன்.

அடுத்த வருடம் உங்களுக்கு வர இருந்த மேற்பார்வையாளர் வேலை, பின்னால் வந்த ஒருவருக்குப் போனது. ஏன் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த வருடம்தான் நீங்கள் வீட்டுக்கும் ஒரு லைன் போட்டீர்கள். நான் கோபித்துக்கொண்டு மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தபோது, பின்னேரம் நாலு மணிக்கு வேலை இடத்தில் இருந்து போன் எடுத்தீர்கள். "கேட்குதா?" அவ்வளவுதான். நான், "கேட்குது. காது இன்னும் செவிடாகேல்லை" என்றேன். "ஊசி வேண்டாம்," என்றீர்கள். மறுநாளும் எடுத்தீர்கள். நாலாம் நாள் "கேட்குது" என்று மட்டும் சொன்னேன். சண்டை முடியவில்லை, ஆனால் லைன் அறுந்துபோகவும் இல்லை. ஓய்வு எடுத்த பிறகும் விடவில்லை. மேலறையில் இருந்துகொண்டு கீழே சமையலறைக்குப் போன் எடுப்பீர்கள். உங்கள் கைபேசியில் இருந்து போன கடைசி அழைப்பு எனக்குத்தான். நீங்கள் போய் இது ஆறாவது குளிர்காலம். இப்போது நாலு மணிக்கு எங்கள் ஆரபிதான் எனக்குப் போன் எடுக்கிறாள்.

உங்கள் பேத்தியைப் பற்றி நான் சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பீர்கள். அடிக்கத்தான் போகிறேன். நடுலண்டனில் ஒரு மண்டபத்தில் அவள் பேசினாள், கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். எதைப் பற்றிப் பேசினாள் தெரியுமா? உங்கள் மெஷினைப் பற்றி. பகைநாடுகளுக்கு இடையில் இந்த நேரடி லைன்களை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் அவளுடைய வேலையே. தாத்தா அப்படி ஒரு அறையில் இருந்தார் என்று அவளுக்குத் தெரியும். கூழின் கதை தெரியாது. நான் சொல்லவில்லை.

போன கிழமை இரண்டு அயல்நாடுகளில் இருந்து, ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரிகள் நாலு பேரை அவளுடைய இடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாடுகளிடமும் அணுகுண்டு இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்று ஆரபி சொன்னாள், எழுதவில்லை. அந்த நாடுகளுக்கு இடையிலும் வாரம் ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பு இருந்ததாம். இந்த நாலு பேரும் ஒரு காலத்தில் அந்த அழைப்பின் இரண்டு முனையிலும் இருந்தவர்கள். இரண்டாம் நாள் பின்னேரம் ஆரபி இங்கே சட்டன் வீட்டுக்கு வந்தாள். கோட்டையும் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள்.

"அம்மம்மா, ரெண்டு நாளா ஒருத்தரும் தங்கட பக்கம் ஒரு பிழை விட்டது எண்டு சொல்லேல்ல. எல்லாம் மற்றப் பக்கம்தான். இட்ஸ் ஹோப்லெஸ்."

"சாப்பிட்டவையோ?"

"ஹோட்டல் சாண்ட்விச்."

"அதுதான். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா."

இரண்டு சட்டி வைத்தேன். ஒன்றில் நண்டும் இறாலும், மற்றதில் மரக்கறி மட்டும். ஒருவர் மாமிசம் தொடாதவராம். நாலு பேரும் எங்கள் சின்ன மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். வேறு வழியில்லை, முழங்கை முட்டத்தான் செய்யும். ஒரு பக்கத்தில் நரைமீசைக்காரர், எதிரே மற்ற நாட்டவர், நீலக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நீலப்பட்டிக்காரர் கரண்டியை வாயருகே கொண்டு போய் நிறுத்தி, ஆரபியிடம் மெல்லக் கேட்டார், இதில் என்ன பொடி போட்டிருக்கிறது என்று. நரைமீசைக்காரரும் கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு நாளில் இரண்டு பக்கமும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று ஆரபி பிறகு சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க ஏலவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தேன். "என்ன அம்மம்மா?" என்றாள் ஆரபி. அங்கேயே, அந்த இடத்திலேயே, உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். கார், திறந்த யன்னல், டின், பீட்ரூட் சூப் எல்லாவற்றையும் சொன்னேன். ஆரபி கண்ணை விரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் மாற்றினாள். நாலு பேரும் சிரித்தார்கள். நரைமீசைக்காரர் கண்ணைத் துடைத்தார். நஞ்சு என்று எழுதியது என் புருஷனின் பிழை என்றுதான் அங்கேயும் சொன்னேன்.

சிரிப்பு அடங்கியதும் நீலப்பட்டிக்காரர் கொஞ்ச நேரம் கூழைக் கலக்கிக்கொண்டு இருந்தார். பிறகு எதிரே இருந்தவரைப் பார்த்துச் சொன்னார். "ஒரு கிழமை உங்கள் அழைப்பை நாங்கள் எடுக்கவில்லை. லைன் பழுது என்று மறுநாள் சொன்னது நான்தான். லைன் நன்றாகத்தான் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தேன்."

ஆரபியின் கை என் கையை இறுக்கியது.

நரைமீசைக்காரர் கரண்டியைக் கோப்பையில் வைத்தார். பிறகு, "எங்களுக்குத் தெரியும்," என்றார். தன் கோப்பையை என் பக்கம் தள்ளி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மறுநாள் நாலு பேரும் ஒரு தாளில் கையெழுத்து வைத்தார்களாம். கோபமான கிழமையிலும் மணி அடித்தால் எடுப்பது, எடுக்கவில்லையென்றால் உண்மையான காரணத்தைச் சொல்வது. அவர்கள் ஓய்வு பெற்றவர்கள், அந்தத் தாளுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்களிடம் அதை ஆரபியின் ஆட்கள் கொண்டு போவார்கள். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாளுக்கு முன் சோபாவில் விழுந்த பிள்ளை அன்று ஓடித்திரிந்தாள்.

நான்தான் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். பகைநாட்டுக்காரனுக்கு முன்னால் அந்த நீலப்பட்டி மனுஷன் தன் பொய்யைச் சொல்லிவிட்டான். நான் உங்களுக்குச் சொல்லவில்லையே.

நச்சுத் தண்ணி என்றுதான் நான் சொன்னேன். "மேல நிக்கிறது நச்சுத் தண்ணி, அதை ஊத்திப்போட வேணும்." என் அம்மா அப்படித்தான் சொல்லுவா, நானும் அப்படியே சொன்னேன். நீங்கள் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த அதிகாரி கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் நீங்கள் என் முகத்தைப் பார்த்தபோது பொய் வந்தது. அந்த மேற்பார்வையாளர் வேலை என்னால் போகவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லும் மனுஷன்தான் நீங்கள். உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மீசைக்காரரைப் போல நீங்களும் அத்தனை வருடமும் கோப்பையைத் தள்ளி இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

இப்போது நாலு மணி. ஆரபி போன் எடுத்தாள். "அம்மம்மா, கேட்குதா?" என்றாள். "கேட்குது" என்றேன். வைத்துவிட்டாள். பேனாவை எடுத்துக்கொண்டு வந்து இருக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குள் ஊசி இல்லை. என் மொழியில் எழுதியிருக்கிறேன். ஊற்ற வேண்டியதை ஊற்றிவிட்டேன். பதில் வேண்டாம்.

கேட்குதா?